கம்பியின் கடைசி முனை

தாம்பரம் ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் தலைக்கு மேலே போகும் கம்பியைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தக் கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் இருந்தது. அறுபதுகளில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாறியது. மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகையும் அதற்காகத்தான். இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப் போகும் மின்சாரத்துக்கு அப்படி ஒரு பலகையை யாரும் மாட்டுவதில்லை. ரயில்வேயில் அது ஓடும் இடம் தண்டவாளம்; அளவு ஓரிரு வோல்ட்.

ரயில்வேக்காரர்கள் அதை டிராக் சர்க்யூட் என்பார்கள். தண்டவாளத்தை மின்காப்பு வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் சின்ன மின் ஊட்டம், மறு முனையில் ஒரு ரிலே. ரயில் இல்லாதபோது மின்சாரம் ஒரு தண்டவாளம் வழியாகப் போய், ரிலேயின் சுருளைத் தூக்கிப் பிடித்துவிட்டு, இன்னொரு தண்டவாளம் வழியாகத் திரும்பும். ரிலே தூக்கிய நிலையில் இருந்தால் தடம் காலி. ரயில் உள்ளே வந்ததும் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்சாரம் அந்தக் குறுக்குவழியிலேயே திரும்பிவிட, ரிலே பட்டினி கிடந்து கீழே விழுகிறது. சிக்னல் சிவப்பாகிறது.

அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் முதலில் இதைத் தலைகீழாகத்தான் செய்து பார்த்தார். ரயில் வந்தால் மட்டும் மின்சாரம் ஓடும், ஓடினால் எச்சரிக்கை. கேட்பதற்கு அதுதான் இயல்பாகவும் தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்த அமைப்பில் கம்பி அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் 'ரயில் இல்லை' என்ற அதே பதில்தான் வரும். 1872-ல் அவர் அதைத் திருப்பிப் போட்டார். எதுவும் நடக்காதபோது மின்சாரம் ஓடட்டும், ஏதாவது நடந்தால் நிற்கட்டும் என்றார். இப்போது கம்பி அறுந்தால் சிவப்பு, பேட்டரி செத்தால் சிவப்பு, தண்டவாளமே முறிந்தாலும் பெரும்பாலும் சிவப்பு. இன்று பல தடங்களில் சக்கரங்களை எண்ணும் ஆக்சில் கவுண்டர்கள் வந்துவிட்டன. சந்தேகம் வந்தால் ரயிலை நிறுத்து என்ற ராபின்சனின் ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

அந்த ஏற்பாட்டைக் கட்டடங்களுக்குள் கொண்டுபோய் வைக்கிறவர்களைப் பற்றியது இந்த அத்தியாயம். தொழிலில் இ.எல்.வி., அதாவது மிகக் குறைந்த மின்னழுத்த வேலை என்பார்கள். தீ எச்சரிக்கை, கண்காணிப்புக் கேமரா, கதவுப் பூட்டு, ஒலிபெருக்கி, நெட்வொர்க் கேபிள் எல்லாம் அதற்குள் அடங்கும். மாறுமின்சாரத்தில் 50 வோல்ட்டுக்கும், நேர்மின்சாரத்தில் 120 வோல்ட்டுக்கும் மேல் போகாதது என்பது பன்னாட்டுத் தரம் வகுத்திருக்கும் எல்லை. நடைமுறையில் 12, 24, 48 வோல்ட்தான். தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், 2000-ல் திறந்த தரமணி டைடல் பார்க், அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகச் சிறுசேரி வரை எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள், ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையின் பல மாடி ஜவுளிக் கடைகள், பல்லாவரம் மேடவாக்கம் பக்கத்து மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள் எதை எடுத்தாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் இந்தக் கம்பிகள் ஓடுகின்றன. போட்டவர்கள் பெரும்பாலும் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த இளைஞர்கள். ஏணியின் உச்சியில், கழுத்தை மடக்கி, வேர்வை கண்ணில் இறங்க, சீலிங் ஓட்டைக்குள் கைவிட்டு வேலை செய்கிறவர்கள். கட்டடம் திறக்கும் நாளில் அவர்களின் வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

தீ எச்சரிக்கையிலிருந்து தொடங்குவோம். இந்தத் தொழிலின் மூளை அங்கேதான் இருக்கிறது.

பழைய, எளிய ரகப் பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். பேனலிலிருந்து இரண்டு கம்பிகள் கிளம்பி, ஒரு மாடியின் புகை டிடெக்டர்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகின்றன. கம்பிகளுக்கிடையே 24 வோல்ட். தீ இல்லாதபோது டிடெக்டர்கள் ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. அப்படியானால் கம்பி நடுவில் அறுந்துவிட்டால் பேனலுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ராபின்சனின் முதல் அமைப்பில் இருந்த அதே ஓட்டை. அதை அடைப்பதற்காகக் கடைசி டிடெக்டரில் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு மின்தடையை வைக்கிறார்கள். சில காசுகள் மட்டுமே விலையுள்ள, அரிசியைவிடச் சற்றுப் பெரிய பொருள். இதற்குப் பெயர் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், சைட்டில் இ.ஓ.எல்.

பல பேனல்களில் இதன் மதிப்பு 4,700 ஓம். ஓமின் விதிப்படி 24-ஐ 4,700-ஆல் வகுத்தால் சுமார் 5 மில்லி ஆம்பியர். இந்தச் சின்ன ஓட்டம் இரவும் பகலும் பேனலிலிருந்து கிளம்பி, மாடி முழுவதும் சுற்றி, கடைசி முனையைத் தொட்டுத் திரும்புகிறது. எங்காவது புகையை உணரும் டிடெக்டர் தனக்குள் இருக்கும் குறைந்த தடையை, 470 ஓம் என்று வைத்துக்கொள்வோம், கம்பிகளுக்குக் குறுக்கே இணைக்கிறது. ஓட்டம் பத்து மடங்குக்கும் மேலே எகிறி 50 மில்லி ஆம்பியரைத் தாண்டுகிறது. அது தீ. கம்பி அறுந்தால் ஓட்டம் சுழியாகிறது. பேனல் ஃபால்ட் என்று கத்துகிறது. இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் ஓட்டம் பேனல் அனுமதிக்கும் உச்சத்துக்குப் போகிறது. அதுவும் தனியாகத் தெரிகிறது. இரண்டே கம்பிகளில் நலம், தீ, அறுப்பு, ஒட்டல் என நான்கு செய்திகள். பேனலுக்குப் பேனல் எண்கள் மாறும், கணக்கு மாறாது. நுண்செயலி எதுவும் இல்லாமல், இயற்பியலின் மிக எளிய விதியை மட்டும் வைத்துக் கட்டிய இந்த ஏற்பாட்டைவிட அழகான ஒன்றை மின்னியலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இதில் எல்லாமே அந்த மின்தடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசி முனையில் இருந்தால், பேனல் காட்டும் பச்சை விளக்குக்கு மாடி முழுவதும் சாட்சி. அதே மின்தடையைப் பேனலுக்குள்ளேயே, கம்பி வெளியே கிளம்பும் டெர்மினலில் மாட்டினாலும் பேனல் பச்சைதான் காட்டும். அப்போது அது பார்ப்பது தன் பெட்டிக்குள் இருக்கும் மின்தடையை மட்டும். வெளியே போன கம்பியை மரவேலைக்காரரின் ரம்பம் அறுத்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், மூன்றாம் மாடியில் யாரோ இரண்டு டிடெக்டரைக் கழற்றி வைத்திருக்கலாம். பேனல் எதையும் சொல்லாது.

இப்படிச் செய்வார்களா என்றால், செய்கிறார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. திறப்பு விழா நெருங்கிவிடும். கடைசி முனை சீல் வைத்த சீலிங்குக்கு மேலே எங்கோ இருக்கும். பேனல் ஃபால்ட் காட்டிக்கொண்டே இருக்கும். ஆய்வுக்கு ஆள் வரும் நேரத்தில் அந்த மஞ்சள் விளக்கை அணைக்க ஒரே நிமிட வழி அதுதான். அவசரம் என்று சொல்லி இதை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. தீ எச்சரிக்கையே இல்லாத கட்டடத்தில் இருப்பவர்கள் கொஞ்சமாவது எச்சரிக்கையாக இருப்பார்கள். பச்சை விளக்கை நம்பி ஏழாவது மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இப்போதைய பெரிய கட்டடங்களில் இருப்பது அட்ரஸபிள் லூப். ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண். பேனல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் கேட்கிறது. கம்பி கடைசி முனையில் நிற்காமல் சுற்றிக்கொண்டு பேனலுக்கே திரும்பி வருகிறது. நடுவில் அறுந்தால் பேனல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊட்டும். எந்த டிடெக்டரும் விடுபடாது. இடையிடையே வைக்கும் ஐசொலேட்டர்கள், இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்ட இடத்தை மட்டும் துண்டித்துவிட்டு மற்றதைக் காப்பாற்றும். போகிற கம்பியையும் திரும்புகிற கம்பியையும் ஒரே கேபிள் ட்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் கட்டிவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. ஒரே தீயில் இரண்டும் சேர்ந்து போகும். வரைபடத்தில் வட்டமாகத் தெரிவது சீலிங்குக்குள் இரட்டைக் கோடாக ஓடுகிறதா என்று ஏணி ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

புகை டிடெக்டருக்குள் நடப்பது ஒளியியல். சின்னக் கறுப்பு அறை. ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., அதன் நேர்ப் பார்வையிலிருந்து விலகி ஓர் ஒளியுணர்வி. சுத்தமான காற்றில் ஒளி உணர்விக்குப் போய்ச் சேராது. புகைத் துகள்கள் உள்ளே வந்ததும் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, ஒரு பகுதி உணர்வியில் விழுகிறது. துகளின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டி இருக்கும்போது சிதறல் வலுவாக இருக்கும் என்பதால் கட்டைப் புகை, துணிப் புகை, எரியும் ஒயரின் புகை எல்லாம் நன்றாகச் சிக்கும். கூடவே சாம்பிராணியும் சிக்கும். ஆயுத பூஜை அன்று தென்சென்னையின் அலுவலகங்களிலும் பணிமனைகளிலும் கணினிக்கும் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துத் தூபம் காட்டும்போது, சீலிங்கில் இருக்கும் கருவிக்குப் பக்திப் புகை எது, பஞ்சுப் புகை எது என்று பிரிக்கத் தெரியாது. அதனால் முன்கூட்டியே அந்த மாடியை டிசேபிள் செய்து வைப்பது வழக்கம். அதில் தவறில்லை. அடுத்து வரும் விடுமுறைகள் முடிந்து யாராவது அதை மறுபடி எனேபிள் செய்தார்களா என்பதுதான் கேள்வி. நல்ல டெக்னீஷியன் டிசேபிள் செய்த நேரத்தையும், திருப்பிப் போட வேண்டிய நேரத்தையும் பேனல் கதவிலேயே தாளில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவார்.

கதவுப் பூட்டுக்கு வருவோம். அலுவலகங்களில் அட்டையைக் காட்டினால் திறக்கும் கண்ணாடிக் கதவின் மேலே ஒரு மின்காந்தம் இருக்கும். 12 வோல்ட், அரை ஆம்பியர் அளவு. அதாவது 6 வாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு. அந்த 6 வாட்டில் சுமார் 270 கிலோ இழுப்பைத் தாங்கும் பிடிப்பு கிடைக்கிறது, காந்தமும் இரும்புத் தகடும் இடைவெளி இல்லாமல் ஒட்டும்வரை. நடுவில் செலோடேப் போன்ற மெல்லிய ஒன்று வந்தாலே பிடிப்பு பெருமளவு குறைந்துவிடும். காந்தச் சுற்றில் காற்று இடைவெளியின் ஒவ்வொரு துளியும் பெரிய தடை. மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ளும். இது குறை என்று எண்ணி, பூட்டுக்குப் பெரிய பேட்டரி போட்டுத் தரச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. கதவு திறப்பதற்காகவே இந்த வகைப் பூட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். தீ எச்சரிக்கைப் பேனலின் ரிலே ஒன்று காந்தத்தின் ஊட்டத்தை நேரடியாக வெட்ட வேண்டும். மென்பொருள் வழியாகக் கட்டளை அனுப்பினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. நெட்வொர்க் சுவிட்ச் முதலில் எரிந்தால் கட்டளை எங்கே போகும்?

காந்தத்தின் ஊட்டத்தை வெட்டும் நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. சுருளில் சேர்ந்திருந்த காந்தப்புலம் சரியும்போது, ஓட்டத்தைத் தொடர்ந்து வைத்திருக்க முயன்று எதிர்த்திசையில் பெரிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 12 வோல்ட் சுருளிலிருந்து நூற்றுக்கணக்கான வோல்ட் வரை ஒரு கணம் எழலாம். கட்டுப்பாட்டுப் பலகையின் ரிலே முனைகள் கருகுவதற்கும், அட்டை வாசிப்பான்கள் காரணமில்லாமல் மயங்குவதற்கும் இது காரணமாகிவிடும். தீர்வு காந்தத்துக்குக் குறுக்கே ஒரு டயோடு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கைநிறைய வாங்கிவந்து பையில் போட்டுக்கொள்ளும் பொருள்.

இனிக் கேமரா. அதில் ஒரு பழுது எல்லா சைட்டிலும் வரும், புதிதாக வந்தவர்களைக் குழப்பியடிக்கும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா, பொழுது சாய்ந்ததும் அணைந்துவிடும். காலையில் தானாக வந்துவிடும். கேமராவை மாற்றுவார்கள், மறுபடி அதே கதை.

பதில் ஓமிடமே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் மூலையில், 80 மீட்டர் தூரத்தில் கேமரா. 12 வோல்ட் ஊட்டம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியில் போகிறது. போக 80, திரும்ப 80 என 160 மீட்டர். தடை சுமார் 14 ஓம். பகலில் கேமரா கால் ஆம்பியர் இழுக்கிறது, கம்பியிலேயே 3.5 வோல்ட் போய்விட, மிஞ்சுவது 8.5. எப்படியோ ஓடிவிடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, ஓட்டம் அரை ஆம்பியராகிறது. கம்பியில் 7 வோல்ட் இழப்பு. கேமராவுக்குக் கிடைப்பது 5. அணைகிறது. திருடன் வரும் நேரத்தில் கண்ணை மூடும் காவலாளியைத்தான் நாம் காசு கொடுத்து மாட்டியிருக்கிறோம். கம்பி செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருந்தால் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மே மாதத்தில் சீலிங்குக்குள் வெப்பம் 45 டிகிரிக்குப் போனால், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 விழுக்காடு வீதம் செம்பின் தடை, 20 டிகிரியில் இருந்ததைவிடப் பத்து விழுக்காடு கூடியிருக்கும். கத்திரி வெயிலில் மட்டும் வரும் பழுதுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் எட்டில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். அதே கம்பியில் 1.75 வோல்ட்தான் போகும். மின்னழுத்தம் நான்கு மடங்கு, ஓட்டம் நான்கில் ஒன்று, கம்பியில் வெப்பமாகும் திறன் பதினாறில் ஒன்று. 400 கிலோவோல்ட் கோபுரங்களில் மின்சாரத்தை அனுப்புவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் பி.ஓ.இ. முறைக்கும். 2003-ல் வந்த அதன் முதல் தரம் சுவிட்ச் முனையில் 15.4 வாட் கொடுத்தது, 2009-ல் 30, 2018-ல் 90 வரை.

பி.ஓ.இ. சுவிட்ச் 48 வோல்ட்டை எடுத்த எடுப்பில் கொட்டிவிடுவதில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த பகுதி. முதலில் 10 வோல்ட்டுக்குள் இரண்டு வெவ்வேறு அழுத்தங்களைக் கம்பியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஓட்டம் வருகிறது என்று அளக்கிறது. மறுமுனையில் ஏறக்குறைய 25,000 ஓம் தெரிந்தால் மட்டுமே, இது நம் கருவிதான் என்று முடிவு செய்து முழு அழுத்தத்தைத் திறக்கும். பழைய அச்சுப்பொறியையோ மடிக்கணினியையோ செருகினால் அந்த 25,000 ஓம் இருக்காது. சுவிட்ச் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். திறந்த பிறகும் கவனிப்பு நிற்பதில்லை. கருவி விட்டுவிட்டேனும் 10 மில்லி ஆம்பியராவது இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றால் ஒரு நொடிக்குள் மின்சாரம் அடைபடும். மீண்டும் ஒரு மின்தடை, மீண்டும் கடைசி முனையில். ஏ.சி. குளிர்விப்பான்களின் அழுத்தமானிகள் பேசும் 4–20 மில்லி ஆம்பியர் மொழியும் இந்தக் குடும்பம்தான். அதில் சுழியை 4 மில்லி ஆம்பியர் குறிக்கிறது. நிஜமாகவே சுழி வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள்.

கேபிளின் உட்புறத்தை வேகமாகப் பார்த்துவிடுவோம். எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய ஜோடிகள். முறுக்குவதற்கான காப்புரிமையை அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-ல் பெற்றார். பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் கேபிளின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் சமமாகப் புகும். மறுமுனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்த எந்த ரயில் தடத்திலும், ஓரமாக ஓடிய திறந்த தொலைபேசிக் கம்பிகளை எடுத்துவிட்டுத் தரைக்கடியில் உறையிட்ட கேபிளாக மாற்ற வேண்டியிருந்ததும் இந்தத் தூண்டலால்தான். சாக்கெட்டில் முடிக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. அவசரக்காரர் முடித்த முனையில் ஓர் அங்குலம் பிரிந்து கிடக்கும்.

மண்ணைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியில் மின் வேலையைப் பேச முடியாது. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்கு 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையால் ஆனது என்பதால் அந்தப் பெயர். உலகப் பாடநூல்களில் இடம்பிடித்த நம் பாறை, மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவதற்கு மிக மோசமான ஒன்று. காய்ந்த கெட்டிப் பாறையில் மின்தடை மிக அதிகம். அந்தப் பக்கத்தில் எர்த் பிட் தோண்டிக் கரியும் உப்பும் கொட்டி நீர் ஊற்றி வைத்தாலும், கோடையில் தடையின் அளவு ஏறிவிடும். மழையில் உப்பு கரைந்து போய்விடும். சில கிலோமீட்டர் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணில் நேர்மாறு. தடை மிகக் குறைவு. ஆனால் உப்பும் ஈரமும் இரும்புக் கம்பியை அரித்துத் தின்றுவிடும். ஒரே மாநகரப் பேருந்தில் அரை மணி நேரம் போனால் எர்த்திங்கின் இரண்டு முனைகளையும் பார்த்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழையில் இடி இறங்கும்போது இது முக்கியமாகிறது. மின்னல் கட்டடத்தின் மேலேயே விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தம் ஒரு கணம் எழுகிறது. வாசல் காவல் அறைக்கும் பிரதான கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் இருந்து, இரண்டையும் ஒரு செம்பு நெட்வொர்க் கேபிள் இணைத்தால், இரண்டு மண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய கம்பி வழியாகப் பாயும். இரு முனைக் கருவிகளும் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் கண்ணாடி இழைக் கேபிள் போடச் சொல்வதற்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை, கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எலக்ட்ரானிக்ஸ் கருவிகளுக்கு மட்டும் சுத்தமான தனி எர்த் வேண்டும் என்று தனிக் குழி தோண்டி, அதைக் கட்டடத்தின் எர்த்தோடு இணைக்காமல் விடுவதும் இதே ஆபத்தைக் காசு கொடுத்து உண்டாக்குவதுதான். எத்தனை குழி தோண்டினாலும் சரி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் உண்மையான பரீட்சை மழையில் நடக்கிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அத்தகைய மழை எப்போதாவதுதான். சாதாரண நவம்பர் மழையே கம்பிகளைச் சோதிக்கப் போதும். மொட்டை மாடியில் மூடி சரியாக உட்காராத ஜங்ஷன் பெட்டிக்குள் நீர் இறங்குகிறது. இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே ஈரமும் தூசியும் சேர்ந்து கடத்தும் படலமாகின்றன. கடைசி மின்தடைக்கு இணையாக இன்னொரு தடை முளைக்கிறது. அது சில ஆயிரம் ஓமாக இருந்தால் பேனல் சற்றுக் குழம்பும். சில நூறு ஓமாக இறங்கினால் தீ என்றே படிக்கும். நடுராத்திரி, கொட்டும் மழையில், ஊரே நனைந்து கிடக்க, கட்டடம் தீ தீ என்று கத்தும். காவலாளி ஹூட்டரை சைலன்ஸ் செய்வார். இரண்டாம் முறை கத்தினால் யாராவது அந்தப் பகுதியின் கம்பியையே பேனலிலிருந்து கழற்றிவிட்டு, டெர்மினலில் ஒரு மின்தடையைச் செருகிவிடுவார்கள். பேனலுக்குள் மின்தடை குடியேறும் இன்னொரு வழி இது. மழை நின்று, பெட்டி காய்ந்து, பொங்கல் வந்து, கோடையும் வந்துவிடும். மின்தடை அங்கேயே இருக்கும்.

அந்த ஈரமான பெட்டியைக் கண்டுபிடிக்கப் பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டு போக வேண்டியதில்லை. வரிசையில் நூறு இணைப்புகள் இருந்தால், ஐம்பதாவதில் கம்பியைப் பிரித்து இரண்டு பாதிகளையும் மீட்டரில் பார்க்க வேண்டும். கடைசி முனையைக் கொண்ட பாதியில் மின்தடையின் மதிப்பு மட்டும் தெரிய வேண்டும்; பேனல் பக்கத்துப் பாதியைப் பேனலிலிருந்தும் கழற்றிவிட்டால் எதுவும் தெரியக் கூடாது. எந்தப் பாதி பொய் சொல்கிறதோ அதை மறுபடி பாதியாக்க வேண்டும். ஏழு முறை பிரித்தால் நூறில் ஒன்று சிக்கிவிடும், இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வருவதால். "பேனல்ல கை வைக்காத தம்பி, நடுவுல போய்ப் பிரி" என்று மூத்தவர் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணிதம் இதுதான். கணினி அறிவியல் மாணவர்கள் இதை முதலாண்டில் பைனரி தேடல் என்று படிக்கிறார்கள்.

பெட்டி கிடைத்ததும் துடைத்து மூடினால் அடுத்த மழைக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும். டெர்மினலை மாற்ற வேண்டும். கேபிள் மேல்பக்கத்திலிருந்து நுழைந்தால் நீர் அதன் மேலேயே வழிந்து உள்ளே வரும். பெட்டியைத் திருப்பி, கேபிளைக் கீழே ஒரு தொங்கலாக வளைத்து, அடிப்பக்கத்து கிளாண்ட் வழியாக ஏற்ற வேண்டும். அப்போது நீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். அதன்பின் பேனலுக்குள் யாராவது செருகிய மின்தடை இருக்கிறதா என்று பார்த்து அதை வெளியே எடுக்க வேண்டும். இன்னும் ஒரு வேலை பாக்கி. ஏணியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசி டிடெக்டருக்குப் போய், அதன் அடித்தட்டில் இருக்கும் மின்தடையின் ஒரு காலைக் கழற்ற வேண்டும். கீழே பேனல் முன்னால் நிற்பவர் செல்போனில் "ஃபால்ட் வந்துடுச்சுண்ணா" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி மாட்டிவிட்டு இறங்கலாம். சொல்லவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை. ஏணி அங்கேயே இருக்கட்டும்.